கருவியறிவும் காப்புரிமைச் சட்டமும்

(மாமல்லபுரத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மகேந்திரவர்ம பல்லவன் மண்டகப்பட்டில் குடைவித்த கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகிய எதுவும் இல்லாமல், பிரமன், ஈசன், திருமால் என்னும் மூவருக்கும் விசித்திரசித்தன் என்னும் விருதுப் பெயர் பூண்ட அம்மன்னன் எடுப்பித்த ஆலயம் இது என்பது அதன் கருத்து. இலக்கியம் பயின்றோர் அதில் ஓர் அரசனின் பெருமிதத்தைக் காண்பர். சரித்திர ஆராய்ச்சியாளர் தமிழகக் குடைவரைக் கலையின் தொடக்கத்தைக் காண்பர். மின்சாரப் பொறியியலைக் கற்று, சில காலம் சப்ஸ்டேஷன்களில் பாதுகாப்புக் கருவிகளோடு பழகி, பிற்பாடு காப்புரிமைச் சட்டத்தையே ஜீவனோபாயமாகக் கொண்டுவிட்ட என் போன்றவனுக்கோ, அது உலகத்தில் அதுவரை வழங்கிய முறை இன்னது, இப்புதிய பொருள் அம்முறையினின்று விலகும் இடம் இன்னது என்று ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்துக் காட்டும் ஓர் உரிமைக் கோரிக்கையாகவே தோன்றுகிறது.

ஆனால் அக்கல்வெட்டு சொல்லாமல் விட்ட செய்தி ஒன்று உண்டு. பாறையை எப்படிக் குடைந்தார்கள் என்பதை அது சொல்லவில்லை. அச்செய்தியை அறிய விரும்புவோர் இவ்வூருக்கு வரவேண்டும். பிடாரி ரதங்களையும் வலையங்குட்டை ரதத்தையும் பாருங்கள்: மேற்பகுதியில் சிகரமும் கூடுகளும் உருப்பெற்றிருக்க, அடிப்பகுதி முரட்டுப் பாறையாகவே நிற்பதிலிருந்து, வேலை மேலிருந்து கீழ்நோக்கி நடந்தது என்பது விளங்கும். முற்றுப்பெறாத குடைவரைகளிலோ, பாறை முகத்தில் குறுக்கும் நெடுக்குமாக ஆழ்ந்த சால்களை வெட்டிக் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, நடுவே எஞ்சிய மேடுகளை ஒவ்வொன்றாகத் தட்டியெடுத்த உளியின் தடம் இன்றும் அழியாமல் இருக்கிறது. முற்றுப்பெற்ற கோயில் தன் செய்முறையை மறைத்துக்கொள்கிறது. முற்றுப்பெறாத கோயில் அதனைக் கற்பிக்கிறது.

நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் இவ்விரண்டையும் ஒருங்கே கேட்கிறது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, விண்ணப்பதாரர் தம் கண்டுபிடிப்பையும் அது செயற்படும் விதத்தையும் முழுமையாக விவரிக்க வேண்டும், தாம் அறிந்த முறைகளுள் மிகச் சிறந்ததை வெளியிட வேண்டும், இறுதியில் தாம் உரிமை கோரும் எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று விதிக்கிறது. இருபது ஆண்டுப் பிரத்தியேக உரிமைக்கு அவர் கொடுக்கும் விலை அந்த விவரிப்பே. ஆகவே காப்புரிமைத் துறைக்கு வரும் பொறியாளர் முதற்கண் யாருக்காக எழுதுகிறார் என்னும் வினாவுக்கு, சம்பளம் கொடுக்கும் கட்சிக்காரருக்காக என்று மட்டும் விடை சொல்வது போதாது. இருபது ஆண்டு கழிந்தபின் அதே கருவியைச் செய்ய விரும்பும் முகமறியாத ஒரு தொழிலாளிக்காகவும் அவர் எழுதுகிறார் என்பதே இன்று நான் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

இத்தொழிலுக்கும் பொறியியலுக்கும் உள்ள சம்பந்தம் நம் நாட்டில் புதிதன்று. 1856-ஆம் ஆண்டில், புதியன கண்டுபிடிப்போர்க்குப் பதினான்கு ஆண்டுத் தனியுரிமை வழங்கும் முதற்சட்டம் கல்கத்தாவில் நிறைவேறிய சில நாட்களுக்குள்ளேயே, மார்ச் மாதம் 3-ஆம் தேதி, ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்னும் சிவில் என்ஜினீயர், பங்கா என்னும், கயிறிழுத்து வீசும் தொங்குவிசிறியை இயக்கும் திறமான யந்திரம் ஒன்றுக்காக அரசாங்கத்திடம் மனுச் செய்துகொண்டார். செப்டம்பர் 2-ஆம் தேதி விவரக்குறிப்பையும் வரைபடங்களையும் சமர்ப்பித்தார். இந்தியாவில் அளிக்கப்பட்ட முதல் தனியுரிமை அதுவாயிற்று. அவர் பெயர் தாங்கிய காப்புரிமை முகவர் நிறுவனம் நம் சென்னையில் இன்றும் தொழில் நடத்துகிறது. வெயிலில் கயிற்றைப் பிடித்திழுத்துக்கொண்டிருந்த ஏழை மனிதனின் கையை விடுவிக்க எண்ணிய என்ஜினீயரிடமிருந்து இத்தொழில் நம் நாட்டில் பிறந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இனி, மின்னியல் அறிவு இத்தொழிலில் என்ன செய்கிறது என்பதைக் கருவியின் அருகிலேயே நின்று காட்ட விரும்புகிறேன். நம் ஊர்ச் சப்ஸ்டேஷன்களில் பெரிய டிரான்ஸ்பார்மரைப் பார்த்திருப்பீர்கள். அதன் எண்ணெய்த் தொட்டிக்கும், மேலே படுக்கையாக இருக்கும் கன்சர்வேட்டர் தொட்டிக்கும் இடையே செல்லும் குழாயில், கண்ணாடிச் சாளரம் வைத்த சிறிய இரும்புப் பெட்டி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அதுதான் புக்கோல்ஸ் ரிலே. மாக்ஸ் புக்கோல்ஸ் என்னும் ஜெர்மானியர் 1921-இல் உருவாக்கியது. டிரான்ஸ்பார்மருக்குள்ளே ஒரு சுற்றின் காப்பு மெல்ல மெல்லக் கெட்டு, அங்கே சூடு ஏறி, எண்ணெய் சிதைந்து வாயுக் குமிழாக எழுமானால், அக்குமிழ்கள் மேலேறி வந்து இப்பெட்டியின் மேற்புறத்தில் தங்கும். எண்ணெய் மட்டம் தாழும். மேல் மிதவை கீழிறங்கி எச்சரிக்கை மணியை ஒலிக்கச் செய்யும். உள்ளே திடீரென்று பெரும் பழுது நேர்ந்தாலோ, எண்ணெய் வெள்ளம்போல் குழாய்க்குள் பாய்ந்து கீழ் மிதவையைச் சாய்க்கும்; அக்கணமே பிரேக்கர் டிரிப் ஆகி மின்சாரம் துண்டிக்கப்படும். மின்சாரப் பழுதை அளக்க மின்சாரத்தையே நாடாமல், பழுதினால் பிறக்கும் வாயுவையும் எண்ணெயின் ஓட்டத்தையும் சாட்சியாகக் கொண்ட புத்தி நுட்பத்தை என்னவென்று புகழ்வது! இன்று அக்கருவியைச் செய்ய எவரும் எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. அதன் தத்துவத்தைப் படிப்பறிவு குறைந்த ஃபிட்டர்கூட இரண்டு மிதவைகளையும் கையால் தொட்டுக் காட்டி விளக்கிவிடுவார். தெளிவாக வெளியிடப்பட்ட கண்டுபிடிப்பு ஒன்று பொதுச்சொத்தாக மாறி, உலகெங்கும் குடியேறிவிட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் அறியேன்.

விவரிப்பு அப்படி, எல்லை வகுப்பது இன்னும் கடினம். அதே டிரான்ஸ்பார்மருக்கு மற்றொரு காவலும் உண்டு: உள்ளே செல்லும் மின்னோட்டத்தையும் வெளியேறும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வித்தியாசம் கண்டால் டிரிப் செய்யும் டிஃபரென்ஷியல் ரிலே. இதில் ஓர் இடர் இருக்கிறது. ஓய்ந்திருந்த டிரான்ஸ்பார்மரை மின்தொடரில் இணைத்த கணத்தில், இரும்பு உட்கரு காந்தத் தெவிட்டு நிலையை அடைந்து, முழுச்சுமை மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை ஒருபுறமாகவே இழுக்கும். பழுது ஒன்றும் இல்லை. ஆனால் ரிலேயின் கண்ணுக்கு அது பழுதாகவே தோன்றும். அவ்விரண்டையும் பிரித்தறிய வழி, இணைப்பு நேர மின்னோட்டத்தில் இரண்டாவது ஹார்மானிக், அதாவது அடிப்படை அதிர்வெண்ணைப் போல் இருமடங்கு அதிர்வெண் கொண்ட கூறு, மிகுந்திருக்கும் என்பதை அறிந்து, அது மிகுந்தபோது ரிலேயை அடக்கி வைப்பதே. இதற்கு ஒருவர் காப்புரிமை கேட்டு வந்தாரென்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டங்களின் வித்தியாசத்தை அளந்து துண்டிக்கும் கருவி என்று அகலமாக எழுதினால், முன்னமே உள்ளதைக் கோரியதாக விண்ணப்பம் வீழும். இன்ன மதிப்புள்ள இன்ன கெப்பாசிட்டரைக் கொண்ட கருவி என்று குறுக்கி எழுதினால், கெப்பாசிட்டரை மாற்றிவிட்டு அடுத்தவர் கருத்தை எடுத்துக்கொள்வார். இரண்டுக்கும் நடுவே, ஹார்மானிக்கின் விகிதத்தைக் கொண்டு அடக்குதல் என்னும் சரியான இடத்தில் வரப்புக் கட்டத் தெரிந்தவர், அந்த மின்னோட்ட அலையை ஆஸிலோகிராஃபில் ஒருமுறையாவது கண்டவராக இருக்க வேண்டும். சட்டப் புத்தகம் மட்டும் அதைக் கற்பிக்காது.

சட்டமும் இதை உணர்ந்தே இருக்கிறது. 126-ஆம் பிரிவின்படி காப்புரிமை முகவராக விரும்புவோர் விஞ்ஞானம், பொறியியல், தொழில்நுட்பம் இவற்றுள் ஒன்றில் பட்டம் பெற்றிருக்க வேண்டும். அதன்மேல் சட்டமும் விதிகளும் பற்றிய ஒரு தாளும், விவரக்குறிப்பை எழுதுதலும் பொருள்கொள்ளுதலும் பற்றிய மற்றொரு தாளும் எழுதி, வாய்மொழித் தேர்விலும் தேற வேண்டும். வழக்கறிஞர்களுக்குத் தேர்வின்றிப் பதிவு பெற இருந்த வசதியை 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட, அது செல்லாதென்று நம் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. எனினும், அத்தேர்வின் இரண்டாம் தாளை எவரும் தவிர்க்காமல் எழுதிப் பார்ப்பது நல்லது என்றே என் அநுபவம் சொல்லுகிறது. ஒரு கருவியின் படத்தைக் கையில் கொடுத்து, சில மணி நேரத்துக்குள் அதன் உயிர்நிலையை ஒரே வாக்கியத்தில் எழுதச் சொல்லும் அப்பயிற்சி, பொறியாளரையும் வழக்கறிஞரையும் ஒருங்கே சோதிப்பது.

நீதிமன்றத்தில் அந்த ஒரே வாக்கியத்தின் பாரம் எவ்வளவு என்பதை நம் மாநிலத்திலேயே நடந்த வழக்கொன்று காட்டும். சிறிய நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை வைத்து எரிபொருளைச் செவ்வையாக எரிக்கும் ஏற்பாட்டுக்கு பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2002 ஜூலையில் விண்ணப்பித்து, 2005 ஜூலையில் காப்புரிமை பெற்றது. 2007-இன் இறுதியில் டி.வி.எஸ். நிறுவனம் இரட்டைப் பிளக்கோடு 125 சி.சி. வண்டியொன்றை வெளியிட, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. 2008 பிப்ரவரியில் தனி நீதிபதி தடை விதித்தார். 2009 மே மாதத்தில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அத்தடையை நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கணக்கு வைத்துக்கொண்டு வண்டியை விற்கலாம், விசாரணையை விரைந்து முடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. இறுதியில் 2019-இல் இரு தரப்பினரும் சமாதானமாயினர். இத்தனை ஆண்டுப் போராட்டமும் எதைச் சுற்றியது? சிலிண்டரின் விட்டம் 45 முதல் 70 மில்லிமீட்டர் வரை என்ற வரையறை, இரண்டு வால்வா மூன்று வால்வா என்ற வேறுபாடு, 1980-களில் ஹோண்டா நிறுவனம் பெற்றிருந்த பழைய காப்புரிமை ஒன்றில் இதே கருத்து முன்பே வெளிவந்துவிட்டதா என்ற கேள்வி: இவற்றைச் சுற்றியே. தொழிற்சாலைத் தரையில் நின்று பேச வேண்டிய வார்த்தைகள் நீதிமன்றத்தில் பேசப்பட்டன. அவற்றை நீதிபதிகளுக்கு விளங்கும் பாஷையில் எடுத்துச் சொல்வோர் இரு துறைகளிலும் காலூன்றியிருந்தாலன்றி, நீதி கிடைப்பது தற்செயலாகவே முடியும்.

இவ்விடத்தில், பொறியியல் பயிலாத ஒரு பெரியவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து, பின் உச்ச நீதிமன்றத்துக்கு உயர்ந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959-இல் மத்திய அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையே 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அஸ்திவாரம். இந்தியக் காப்புரிமைகளில் நூற்றுக்கு எண்பது முதல் தொண்ணூறு வரை அந்நியர் வசம் இருந்ததையும், அவற்றுள் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேற்பட்டவை இந்நாட்டில் செய்கைக்கே வரவில்லை என்பதையும் அவர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். உரிமையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, பொருளை இங்கே செய்யாமலும் பிறரைச் செய்யவிடாமலும் இருப்பது காப்புரிமையின் தர்மம் ஆகாது என்று அவர் கண்டார். பட்டறையைக் காணாத ஒரு நீதிமான் பட்டறைக்காரனின் பக்கம் நின்று சிந்தித்தாரென்றால், பட்டறையிலிருந்தே வந்த நமக்கு அக்கடமை எத்துணை பெரிது!

உடைமையை வெறுத்த மேதைகளும் உண்டு. ஜகதீச சந்திர போஸ் தம் ஆராய்ச்சியால் பணம் ஈட்டுவதை விரும்பாதவர். நண்பர் சாரா புல் அம்மையார் வற்புறுத்தியதாலேயே 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, மின்னலைகளை உணரும் கருவிக்கு 1904 மார்ச் 29-ஆம் தேதி காப்புரிமை பெற்றார். அதைக் கொண்டு பொருள் சேர்க்க அவர் முற்படவில்லை. 1917-இல் தம் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தபோது, அங்கு பிறக்கும் கண்டுபிடிப்புகள் காப்புரிமை நாடாமல் பொதுவுடைமையாகும் என்றே அறிவித்தார். அவர் உள்ளத்தின் உயர்வை வணங்குகிறேன். ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது: கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தின் மீது உலோக முனையைத் தொடவைத்து மின்னலையை உணரும் ஏற்பாட்டை, பாகம் பாகமாகப் படம் வரைந்து விளக்கும் பத்திரமாக இன்று நம் கையில் எஞ்சியிருப்பது, அவர் விருப்பமின்றிப் பெற்ற அந்தக் காப்புரிமையேயாகும். அரைக்கடத்தியைக் கொண்டு மின்னலையை அறிந்த முன்னோடி ஓர் இந்தியர் என்பதற்கு அது அசைக்கவொண்ணாச் சான்று.

செஸ்டர் கார்ல்சனின் கதை வேறு விதமானது. பௌதிகம் படித்தவர், நியூயார்க்கில் மின்சார உதிரிப் பொருள் செய்யும் நிறுவனமொன்றின் காப்புரிமைப் பிரிவில் பணியாற்றி, இரவில் சட்டம் பயின்றவர். விவரக்குறிப்புகளுக்குப் பிரதி எடுத்து எடுத்துக் கை ஓய்ந்ததே அவரைச் சிந்திக்க வைத்தது. 1938 அக்டோபர் 22-ஆம் தேதி, கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டி, எழுத்து வரைந்த கண்ணாடி வழியே ஒளி பாய்ச்சி, நுண்பொடியைத் தூவி, மெழுகுத் தாளில் முதல் பிரதியை எடுத்தார். அதை வாங்குவோரின்றிப் பல கம்பெனிகளின் வாசலில் ஆண்டுக்கணக்காக நின்றபோதும், தம் கண்டுபிடிப்பின் எல்லையைத் தாமே எழுதத் தெரிந்திருந்ததால் அதை இழக்காமல் காத்துக்கொண்டார். இன்று செங்கற்பட்டு நீதிமன்ற வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர் அனைவரும் அவருக்குக் கடமைப்பட்டவர்கள்.

இக்கடற்கரையில் நின்று பேசும்போது கல்பாக்கத்தை மறக்கலாகாது. 1985 அக்டோபரில் அங்கே இயங்கத் தொடங்கிய வேக ஈனுலை என்னும் அணு உலையில் திரவ சோடியம் வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. அது உலோகமாதலால் மின்சாரத்தைக் கடத்தும். குழாய்க்கு வெளியே காந்தத்தை வைத்து, ஓட்டத்தால் தூண்டப்படும் மின்னழுத்தத்தை அளந்தே, சோடியத்தைத் தொடாமல் அதன் வேகத்தை அறியலாம். ஃபாரடேயின் விதியை இவ்வளவு அழகாகப் பயன்படுத்தும் இடங்கள் சிலவே. ஆனால் 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டமும், அதை ஒட்டி 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும், அணுசக்தியைச் சார்ந்த கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை இல்லையென்று விதித்தன. தேசத்தின் பாதுகாப்பைக் கருதிய அவ்விதியை நான் குறை கூறமாட்டேன். பெயரும் உரிமையும் எதிர்பாராமல் அங்கே உழைத்த தலைமுறையின் தியாகத்தை நினைவில் கொள்வோம்.

பெயர் என்றதும் பூஞ்சேரி நினைவுக்கு வருகிறது. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள அவ்வூர்ப் பாறையில் கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், கொல்லன் சேமகன் என்று தொழிலாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. காப்புரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும், உரிமை முதலாளியிடம் சென்றாலும் கண்டுபிடித்தவரின் பெயரைப் பத்திரத்தில் குறிக்க வழி செய்கிறது. அதனால் அவருக்குப் பொருள் லாபம் ஒன்றும் இல்லை. ஆயினும் கம்பெனிகளுக்காக விண்ணப்பம் எழுதும் இளைஞர்கள், மேலதிகாரியின் பெயரைச் சேர்த்துவிட்டு உண்மையில் யோசித்தவரின் பெயரை விட்டுவிடும் பாவத்துக்கு ஒருபோதும் உடன்படலாகாது. இவ்வூர்க் கற்சிற்பத்துக்கு 2017-இல் கிடைத்த புவிசார் குறியீடு சமூகம் முழுவதற்கும் உரியது. அங்கே தனிப் பெயர் வேண்டியதில்லை. காப்புரிமையில் வேண்டும்.

கடைசியாக மொழி. நம் விதிகளின்படி காப்புரிமைப் பத்திரங்களை ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோதான் அளிக்க முடியும். “லோடு ஏறினா காயில் சூடாவுது சார், அதான் இங்க ஒரு ஓட்டை போட்டேன்” என்று சொல்லும் மோட்டார் பட்டறைக்காரரிடம், ஓட்டையின் அளவென்ன, ஏன் இந்த இடம், பக்கத்தில் போட்டால் என்ன ஆகும், எத்தனை டிகிரி குறைந்தது என்று தமிழிலேயே கேட்டு, அவர் தலையைச் சொறிந்து, மறுநாள் தெர்மாமீட்டர் வைத்து அளந்துவந்து சொல்வதைக் கேட்டு எழுதும் பொறியாளர் இல்லாவிட்டால், அவருடைய புத்தி கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் வாசலைக் கூட எட்டாது. அவ்வலுவலகம் நிற்கும் ஜி.எஸ்.டி. சாலைதான் செங்கற்பட்டுக்கும் வருகிறது. ஆனால் சாலை இணைத்தால் மட்டும் போதாது.

எதிர்த்திசையிலும் வேலை இருக்கிறது. காலம் முடிந்து பொதுவாகிவிட்ட மின்சாரக் கருவிகளின் விவரக்குறிப்புகள் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. அவற்றுள் தேர்ந்தவற்றைப் படங்களோடு தமிழில் எழுதி, செங்கற்பட்டுச் சுற்றுவட்டாரத் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கு வழங்கும் பணியை இவ்வறக்கட்டளை மேற்கொள்ள வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொள்கிறேன். முதல் தொகுதியில் புக்கோல்ஸ் ரிலேயும், மோட்டார் ஸ்டார்ட்டர்களும், போஸின் படிக உணரியும், கார்ல்சனின் பிரதிக் கருவியும் இடம் பெறலாம். எழுதும் குழுவில் ஒரு மின்னியல் பேராசிரியரும் ஒரு காப்புரிமை முகவரும் இருப்பதோடு, சப்ஸ்டேஷனில் பணிபுரியும் ஃபிட்டர் ஒருவரும் இருக்க வேண்டும். அவர் வாசித்து விளங்காத வாக்கியம் எதுவும் அச்சேறக் கூடாது.